டிசைன் ஃப்ரீ... ஆனா, போர்டு ஏன் காஸ்ட்லி? ஓப்பன் சோர்ஸ் ஹார்டுவேர் கணக்கு!

ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கோடு இலவசம், டவுன்லோடு பண்ணலாம், மாத்தலாம். அதேமாதிரி ஒரு கருவியின் சர்க்யூட் வரைபடம், போர்டு டிசைன் ஃபைல் எல்லாவற்றையும் வெளியிட்டால், அது ஓப்பன் சோர்ஸ் ஹார்டுவேர். 2005-ல் இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோ இதில் பிரபலம்.

ஆனால், ஃபைலை காப்பி பண்ண காசு வேண்டாம்; போர்டு செய்ய வேணும். சிப், அசெம்பிளி, டெஸ்டிங்னு எல்லாத்துக்கும் முன்பணம். அதை வாங்கப்போகிறவர்களிடமே முன்கூட்டித் திரட்டுவதுதான் க்ரவுடு ஃபண்டிங்.

நொவீனா என்ற லேப்டாப்

2014-ல் ஆண்ட்ரூ 'பன்னி' ஹுவாங், ஷான் க்ராஸ் இருவரும் 'நொவீனா' என்ற ஓப்பன் லேப்டாப்புக்காக, க்ரவுடு சப்ளை தளத்தில் கேட்டது 2.5 லட்சம் டாலர். கிடைத்தது 7 லட்சத்துக்கும் மேல்! இத்தனைக்கும் விலை 1,995 டாலர். அந்தக் காசுக்கு அதைவிட வேகமான லேப்டாப் கடையிலேயே கிடைத்தது. பணம் கொடுத்தவர்கள் தேடியது வேகத்தை இல்லை; திறந்து பார்த்து, மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தை.

ஏன் அவ்வளவு விலை?

ஒரு உதாரணம். பிளாஸ்டிக் பாடிக்கு மோல்டு செய்ய 10 லட்சம் ரூபாய் ஆகுதுன்னு வெச்சுப்போம். 5 லட்சம் பீஸ் விற்கும் கம்பெனிக்கு அது பீஸுக்கு 2 ரூபாய். 500 பீஸ் செய்பவருக்கோ 2,000 ரூபாய்! சிப்பும் அப்படித்தான். மொத்தமா வாங்கினால்தான் விலை இறங்கும்.

பணம் போடும் முன்...

இது ஷாப்பிங் இல்லை. 'நாங்கள் கடை அல்ல' என்று கிக்ஸ்டார்ட்டரே 2012-ல் அறிவித்தது. தாமதம் சகஜம், பொருள் வராமலே போகலாம். அதனால், இதையெல்லாம் பாருங்க:

* வேலை செய்யும் மாடலை வீடியோவில் காட்டுகிறார்களா, வெறும் கிராஃபிக்ஸா?

* இதே டீம் இதற்குமுன் எதையாவது தயாரித்து அனுப்பியிருக்கிறதா?

* டிசைன் ஃபைல்கள் இப்போதே இருக்கின்றனவா, 'பிறகு தருவோம்' என்கிறார்களா?

* ஷிப்பிங், கஸ்டம்ஸ் வரி சேர்த்தால் மொத்தம் எவ்வளவு?

மூன்றாவது கேள்விதான் ரொம்ப முக்கியம். ஃபைல்கள் வெளியே இருந்தால், நாளைக்கு அந்த டீமே கலைந்தாலும் வேறொருவர் அதே போர்டைத் தயாரிக்கலாம். உங்களிடம் இருப்பது பழுதானால் சரிசெய்யவும் வழி இருக்கும். ஃபைலே இல்லையென்றால், 'ஓப்பன்' என்பது வெறும் விளம்பரம்தான்!