பூட்டானில் ஏழு நாட்கள்

பூட்டான் என்றதும் நம்மவர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது லாட்டரிச் சீட்டுதான். எனக்கும் அப்படியே. சென்ற நவம்பரில் மனைவியுடன் நேரில் போய் வந்த பிறகே, அந்தச் சின்னஞ்சிறு மலைநாட்டின் உண்மையான பரிசு எதுவென்று தெரிந்தது.

சியால்டாவில் இரவு கஞ்சன்கன்யா எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் முற்பகல் ஹாசிமாரா. அங்கிருந்து எல்லை ஊரான ஜெய்காவ் சிறிது தூரம்தான். வாயிலைத் தாண்டினால் பூட்டான். நமக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை காட்டி அனுமதி பெறலாம். ஆனால் பெரியவர் ஒருவருக்கு இரவொன்றுக்கு 1,200 ரூபாய் கட்டணம் உண்டு. ஆறு இரவுகளுக்கு எங்கள் இருவருக்கும் 14,400 ரூபாய்! "இந்தப் பணத்தில் ஊருக்கே போய் வந்திருக்கலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டுதான் கட்டினேன்.

திம்புவில் இரண்டு நாள் தங்கிவிட்டு, 108 ஸ்தூபிகள் நிற்கும் தோச்சுலா கணவாய் வழியே புனாக்காவில் இறங்கினோம். போ சூ, மோ சூ, அதாவது தந்தை ஆறும் தாய் ஆறும் கூடும் இடத்தில், 1637-38இல் எழுந்த ஜோங் என்னும் கோட்டை இருக்கிறது. இதன் ஒரு பகுதி அரசு அலுவலகம், மறு பகுதி மடாலயம். 1994 அக்டோபரில் வடக்கே பனிமலை ஏரி ஒன்று உடைந்து பெருகிய வெள்ளம் இதையும் தாக்கியது, உயிர்களும் பலியாயின. சேதமானதைப் பிறகு பழைய பாணியிலேயே சீரமைத்திருக்கிறார்கள். குளிர்காலம் வந்தால் தலைமை குருவும் துறவிகளும் திம்புவிலிருந்து இங்கே குடிபெயர்வது இன்றும் வழக்கம்.

அடுத்து போப்ஜிக்கா பள்ளத்தாக்கு. திபெத்திலிருந்து வரும் கருங்கழுத்துக் கொக்குகள் இங்குள்ள சதுப்பு நிலத்தில்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பறவைகள் கம்பியில் அடிபடக் கூடாதென்று மின்சாரத்தை நிலத்தடியில் கொண்டுபோயிருக்கிறார்கள். வீடுகளில் விளக்கு எரிகிறது. வெளியே கம்பத்தைத்தான் காணோம்!

கடைசியில் பாரோ. செங்குத்துப் பாறையில் ஒட்டிவைத்தாற்போல் நிற்கும் தக்சங் மடாலயம் 1692இல் கட்டப்பட்டது. குரு பத்மசம்பவர் பெண்புலி மீது பறந்து வந்து தவமிருந்த குகை இது என்பது ஐதீகம். 1998இல் தீக்கிரையானதை மீண்டும் எழுப்பி, 2005இல் திறந்தார்கள். மேலே ஏற இரண்டு மூன்று மணி நேரமாகும். மூட்டுவலிக்காரியான என் மனைவி பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போது கையில் ஜபமாலையோடு வந்த உள்ளூர்க் கிழவி ஒருத்தி, மொழி தெரியாமலேயே அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். இரு பெண்களும் முன்னே போக, நான் மூச்சு வாங்கப் பின்தொடர்ந்தேன்!

உச்சியில் நான் பேசாமல் நின்றதைப் பார்த்து, "என்ன, அந்தப் பதினாலாயிரத்தையே நினைச்சுக்கிட்டிருக்கீங்களா?" என்றாள் மனைவி. உண்மையில் நினைத்தேன், ஆனால் வருத்தப்பட்டு அல்ல. காட்டையும் பழைய கட்டடங்களையும் இப்படிக் காப்பாற்றுகிறவர்கள், வருகிறவர்களிடம் பங்கு கேட்பதில் தவறென்ன?

போக விரும்புவோர் மார்ச் முதல் மே வரை, அல்லது செப்டம்பர் முதல் நவம்பர் வரை செல்லலாம். கம்பளி உடை அவசியம். "எமா தட்சி" சாப்பிடுமுன் ஒரு வார்த்தை: அதில் மிளகாய்தான் காய்கறி!