ஜிஎஸ்டி சாலைக்கு அடியில்

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சென்னையை ஒட்டிய தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அருகிலுள்ள முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. தாம்பரத்துக்கு மேற்கே உள்ள அடையாற்றை நோக்கி வரும் நீரில் ஒரு பகுதிக்கு ஜிஎஸ்டி சாலையும் ரயில் பாதையும் குறுக்கே நிற்கின்றன. அடியில் உள்ள சிறுபாலங்களையும் குழாய்களையும் விட்டால் அதற்கு வேறு வழியில்லை.

அந்தக் குழாயில் ஓர் இணைப்பு விலகினால் பல காலம் வெளியே எதுவும் தெரியாது. நிலத்தடி நீர் இடுக்கு வழியே உள்ளே கசியும். கூடவே மணலும் போகும். மழைக்கு மழை, குழாய்க்கு மேலே பொந்து பெரிதாகும். தார்த்தளம் கொஞ்ச நாள் தாங்கும், பிறகு உட்காரும். 2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில் மாநகரப் பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கியதற்கு மெட்ரோ சுரங்கப் பணி காரணம். ஆனாலும் அடிமண் போய் மேல்தளம் சரிந்த கதை இதேதான்.

சாலையை அடைத்துக் குழாயை மாற்றும்போது, ஜேசிபி தோண்டுவதையும் கிரேன் நீர் ஓடும் கான்கிரீட் பெட்டிகளை இறக்குவதையும் எல்லோரும் வேடிக்கை பார்க்கிறோம். (தண்டவாளத்துக்கு அடியில் பல இடங்களில் மேலிருந்து தோண்டுவதில்லை, ரயில்கள் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, ஹைட்ராலிக் ஜாக்கியால் பெட்டியைத் தள்ளிச் செருகுவார்கள்.) பள்ளத்தை மூடுவதை யாரும் பார்ப்பதில்லை. சாலையின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

காய்ந்த மண்ணில் துகள்கள் உராய்ந்து நகர மறுக்கும். ஈரம் மிஞ்சினால் இடைவெளியை நீர் பிடித்துக்கொள்ளும். நடுவே ஓர் ஈரப்பதத்தில்தான் மண் நன்றாக இறுகும் என்பதைக் கலிபோர்னியப் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர் 1933இல் விளக்கினார். அந்த ஈரத்தில் மண்ணைச் சுமார் 20 செ.மீ. கனத்துக்குக் கொட்டி, இடித்து, அடுத்ததைக் கொட்ட வேண்டும். இரண்டு மீட்டர் பள்ளத்துக்குக் குறைந்தது பத்து அடுக்கு. பெட்டியின் இருபுறமும் சமமாக ஏறவும் வேண்டும். விடிந்தால் பஸ் விட வேண்டும் என்ற நெருக்கடியில் இதற்கெல்லாம் பொறுமை ஏது? மொத்தமாகத் தள்ளி ரோலர் ஓட்டினால் மேல்மண் இறுகும், கீழே பொலபொலவென்றே கிடக்கும். அடுத்த மழையில் சாலை தாழும், ஒட்டுப் போடுவார்கள்.

மாற்று உண்டு. கொஞ்சம் சிமென்ட்டுடன் அனல்மின் நிலையச் சாம்பல், மணல், நீர் சேர்த்த கலவை தோசை மாவுபோல ஓடி இடுக்கையெல்லாம் நிரப்பும். இடிக்கத் தேவையில்லை. பின்னாளில் தோண்டக்கூடிய அளவுக்கு மென்மையாகவும் தயாரிக்கலாம். செலவு கூடும், இறுகச் சில மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும்.

ஓரிரவில் பத்து அடுக்கு முடியாதென்றால் இந்தக் கலவைக்குச் செலவழிக்கட்டும். அல்லது இன்னோர் இரவு சாலையை அடைக்கட்டும். அப்படி இன்னோர் இரவு கேட்டால் முணுமுணுக்காமல் கொடுத்துவிடுங்கள்.