கேதார்நாத் போறீங்களா? பிரஷர் மாத்திரையை எடுத்துக்கோங்க!



போன மாதம் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து தீர்மான நோட்டை மூடும்போது ஒரு அக்கா கேட்டாங்க: "நாங்க பத்துப் பேர் கேதார்நாத் போறோம் மேடம். அங்க ஒரே குளிர்ச்சி, பிரஷர் தானா இறங்கிடும். மாத்திரையை வீட்டிலேயே வெச்சுட்டுப் போகலாமா?" பக்கத்தில் இருந்தவங்களும் "ஆமா, உடம்பு சூட்டுலதானே பிரஷர் வருது" என்று தலையாட்டினாங்க. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிரஷர் என்பது சூடு அல்ல. ஓடுகிற ரத்தம் குழாயின் சுவரை அழுத்துகிற அழுத்தம். நம் ரத்தக் குழாய்களின் சுவரில் மெல்லிய தசை உண்டு. அது தேவைக்குத் தகுந்தபடி சுருங்கும், விரியும்.

குளிரில் என்ன நடக்கும்? உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாமல் இருக்க, தோலுக்குப் போகும் சின்னக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். மார்கழியில் விடியற்காலை வாசல் தெளிக்கும்போது விரல் மரத்துப் போகுதே, அதற்கு இதுதான் காரணம். வழி குறுகினால் இதயம் கூடுதல் அழுத்தம் கொடுத்துத்தான் ரத்தத்தைத் தள்ளணும். ஆக, குளிரில் பிரஷர் ஏறும், இறங்காது.

மலை ஏறும்போது கால் தசைகளில் உள்ள குழாய்கள் நன்றாக விரியும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தம் அனுப்புகிறது. கடுமையாக ஏறினால் இது 15 லிட்டர்கூட ஆகும். அந்த நேரத்தில் பிரஷரும் ஏறும். ஆனால் தினமும் நடந்து பழகியவர்களுக்கு நாளடைவில் பிரஷர் குறையும். அதனால் நடைப்பழக்கத்தை ஒரு மாதம் முன்பே ஆரம்பிங்க, ரயில் ஏறும் அன்றைக்கு அல்ல!

மூன்றாவது, உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். கேதார்நாத் சுமார் 3,580 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் நம்ம ஊரைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதனால் மூளைக்குப் போகும் குழாய்கள் விரியும், தலை வலிக்கும். நுரையீரலிலோ நேர்மாறாக, குழாய்கள் சுருங்கும். அது அளவுக்கு மீறினால் நுரையீரலில் நீர் கசியும். உயிருக்கே ஆபத்து.

கௌரிகுண்டிலிருந்து நடைபாதை சுமார் 16 கிலோமீட்டர். ஒரே நாளில் ஓடி ஏறாதீங்க, வழியில் தங்கிப் போங்க. ஹெலிகாப்டரில் போனால் கால் வலிக்காது, உண்மைதான். ஆனால் சில நிமிடத்தில் அவ்வளவு உயரம் போவதால் உடம்பு பழக நேரமே கிடைக்காது. தலைவலி, வாந்தி வந்தால் மேலே ஏறவே கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமலில் நுரை வந்தாலோ, நடை தள்ளாடினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறக்கிவிடணும். கோயில் அங்கேயேதான் இருக்கும்.

பிரஷர், சர்க்கரை, இதய நோய் உள்ளவங்க புறப்படும் முன் டாக்டரைக் கட்டாயம் பாருங்க. மாத்திரையைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்க.

அந்த அக்காவுக்கு அன்றைக்கே நர்ஸம்மா பிரஷர் பார்த்தாங்க. 170/100! "மாத்திரை இல்லாம இருந்து பழகலாம்னு ஒரு வாரமா நிறுத்திட்டேன்" என்றாங்க. இப்போது மறுபடி போடுறாங்க. டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் டிக்கெட் என்று அந்தக் குழுவே தீர்மானம் போட்டிருக்கு.