கேப்புக்குள்ளே ஒரு மணல்புயல்!

உள்ளே விட்டதே பெரிய விஷயம்! சேலம் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் ஒரு டென்டல் லேப். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், மாஸ்க் மாட்டிவிட்டார்கள். அப்புறம் பார்த்தால், எங்கு திரும்பினாலும் பற்கள்! ஆத்தூரிலிருந்து வந்த கடைவாய், ராசிபுரத்து முன்பல், திருச்செங்கோட்டு மூணு பல் பிரிட்ஜ். ஒவ்வொன்றும் தனி டப்பாவில், ஏ2, ஏ3 என்று ஷேட் நம்பரோடு.

மில்லிங் மெஷினிலிருந்து சுடாத ஜிர்கோனியா கேப் (பல்லுக்கு மேல் மாட்டும் உறை) ஒன்றை எடுத்துக் கையில் வைத்தார்கள். நகத்தால் கீறினாலே பொடி உதிர்கிறது. அதைவிட, அந்த சைஸ்! "இது யார் வாய்க்குங்க?" என்றேன். டெக்னீஷியன் சிரித்துவிட்டார். "ஃபர்னஸ்ல போட்டா சுருங்கிடுமுங்க. அதுக்குத்தான் பெருசாக் கடையறோம்." நீளத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்குமாம்! ஃபர்னஸின் சூடு சுமார் 1,500 டிகிரி. வெளியே வந்தபின் அதே பல்லைக் கடைய வைரத்தூள் பதித்த பர் வேண்டும்.

1789-ல் கிளாப்ரோத் என்ற ஜெர்மன் வேதியியலாளர் ஜிர்கோனியா என்ற இந்த ஆக்ஸைடைக் கண்டறிந்தது இலங்கை ஜிர்கான் கல் ஒன்றில். அதே ஜிர்கான் நம்ம மணவாளக்குறிச்சி மணலிலும் இருக்கிறது. 1975-ல் ஆஸ்திரேலியாவின் கார்வியும் நண்பர்களும் ஜிர்கோனியாவைப் பற்றி 'செராமிக் ஸ்டீலா?' என்று தலைப்புப் போட்டே கட்டுரை எழுதினார்கள். ஸ்டீல் பிளான்ட் உள்ள சேலத்துக்காரர்களுக்கு இது போதாதா! இன்னொரு சொந்தமும் உண்டு. தொழிற்சாலை ஜிர்கோனியாவை நிலைப்படுத்தச் சேர்க்கும் பொருள்களில் ஒன்று மெக்னீசியா; செட்டிச்சாவடிப் பக்கம் வெட்டும் வெள்ளைக்கல்லைச் சுட்டால் கிடைப்பதும் அதுதான். வாய்க்குள் போவதில் பெரும்பாலும் இட்ரியா சேர்ப்பார்கள்.

இனிமேல்தான் ரகசியம். கேப்பின் பளபளப்பைத்தான் நாம் கண்ணாடியில் பார்க்கிறோம். அதன் ஆயுளில் பெரும்பங்கு, யாருமே பார்க்காத உள்பக்கத்தில்! பீங்கான் கேப் என்றால் ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் தடவினால் போதும். அதிலுள்ள கண்ணாடி கரைந்து நுண்குழிகள் விழும், பசை பிடித்துக்கொள்ளும். ஜிர்கோனியாவில் கரையக் கண்ணாடியே கிடையாது. ஆசிட் வந்த வழியே போகவேண்டியதுதான்.

அதனால் மணலடி! கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டு, 50 மைக்ரான் அலுமினாத் தூளைக் கேப்பின் உள்ளே பீய்ச்சுகிறார்கள். சாண்ட்பிளாஸ்ட். புஸ்ஸ்ஸ்... பத்துப் பதினைந்து நொடி, அவ்வளவுதான்! பளபளத்த உள்சுவர் மங்கிவிடுகிறது. அடிபட்ட படிகங்கள் உருமாறி சுமார் 4 சதவீதம் உப்புகின்றன. கூட்ட பஸ்ஸில் எல்லோரும் ஒரே நேரத்தில் முழங்கையை அகட்டினால் நடுவே யாராவது நுழைய முடியுமா? அப்படித்தான் விரிசலும் மாட்டிக்கொள்கிறது. ஆனால் ஆர்வக்கோளாறில் பிரஷரை ஏற்றினால், அதே மணல் புது விரிசலை உண்டாக்கிவிடும்.

சொரசொரப்பு மட்டும் போதாது. அடுத்து எம்.டி.பி. பிரைமர். எம்.டி.பி. என்பது ஜப்பானின் குராரே நிறுவனம் 1981-ல் உருவாக்கிய மூலக்கூறு. அதன் பாஸ்பேட் முனை ஜிர்கோனியாவைப் பிடிக்கும், மறுமுனை பசையைப் பிடிக்கும். 1998-ல் ஜெர்மனியில் கெர்னும் வெக்னரும் ஒட்டிய துண்டுகளை 150 நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி முக்கினார்கள். மணலடி வாங்கி, எம்.டி.பி. கலந்த பசையில் ஒட்டியவைதான் உறுதியாக நின்றன.

இந்தக் கதைக்கு வில்லனும் உண்டு: எச்சில்! டாக்டர் கேப்பை வாயில் வைத்துப் பார்த்த உடனே எச்சிலின் பாஸ்பேட் போய், எம்.டி.பி. பிடிக்கவேண்டிய இடங்களில் உட்கார்ந்துவிடும். அப்புறம் அதற்கு இடமில்லை. பல்லைத் தயார்செய்யப் பாஸ்பாரிக் ஆசிட் ஜெல் தினமும் கையில் இருக்கிறதே, அதை வைத்துக் கழுவலாமே? கூடாது! அதுவும் பாஸ்பேட்தான்; வந்து எளிதில் போகாமல் தங்கிவிடும். இதற்கென்று உள்ள கிளீனிங் பேஸ்ட் வேண்டும், இல்லையென்றால் இன்னொரு முறை மணலடி.

வெளிப்பக்கத்தையும் ஒரு பார்வை: கிளேஸ் மினுமினுப்பில் மயங்காதீர்கள். நன்றாகப் பாலிஷ் போட்ட ஜிர்கோனியாதான் எதிர்ப்பல்லைக் குறைவாகத் தேய்க்கும்.

நான் கிளம்பும்போது திருச்செங்கோட்டு டப்பாவின் மேல் சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதிக்கொண்டிருந்தார்கள்: "டாக்டர், ட்ரையல் முடிந்ததும் உள்ளே மறுபடி பிளாஸ்ட். பாஸ்பாரிக் வேண்டாம்." அதற்குள் கீழேயிருந்து ஒரு குரல்: "பார்சல் ரெடியாங்க? பஸ் எடுத்துருவாங்க!"