புதுச்சேரியின் பிரெஞ்சுப் பள்ளி

புதுச்சேரிக் கடற்கரைக்கு அருகே, விக்டர் சிமோனல் வீதியில் ‘லிசே பிரான்சே’ என்னும் பழைய பள்ளி உள்ளது. 1826ஆம் ஆண்டு, ஆளுநர் தெபாசேன் த ரிஷ்மோன் காலத்தில் ‘அரசர் கல்லூரி’ என்ற பெயரில் அது தோன்றியது. தொடக்கத்தில் ஐரோப்பியர் வீட்டுப் பிள்ளைகளே அங்குப் பயின்றனர். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பிற்காலத்திலேயே கதவு திறந்தது.

1954இல் புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்தது. ஆட்சி மாறியபின் பள்ளியின் நிலை என்ன? 1956இல் இரு நாடுகளும் கையொப்பமிட்ட உடன்படிக்கை, பிரான்சே அதனைத் தொடர்ந்து நடத்த வழிவகுத்தது. 1962இல் அவ்வுடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, விரும்பியோர் எழுத்துமூலம் தெரிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டனர். பிறந்த ஊரை விட்டு நீங்காமலே வேற்றுநாட்டுக் குடிமக்களாயினர் அவர்கள்! அக்குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இப்பள்ளியில் பயில்கின்றனர்.

மழலையர் வகுப்பு முதல் ‘பாக்கலோரியா’ என்னும் பள்ளியிறுதித் தேர்வுவரை இங்கேயே கற்கலாம். நூலகமும் ஆய்வுக்கூடங்களும் உண்டு. அவை பிற பள்ளிகளிலும் இருப்பவைதாம். கருதத்தக்கது வேறொன்று. இங்குக் கணக்கும் வரலாறும் பிரெஞ்சு மொழியில் நடத்தப்படுகின்றன. பிள்ளைகள் பலர் வீட்டில் பேசுவதோ தமிழ். அத்தமிழுக்கும் இங்குப் பாடவேளை உண்டு. பாக்கலோரியாவிலும் தமிழை ஒரு மொழிப்பாடமாக எழுதலாம்.