கடல் விழுங்கிய காற்று

காரைநகரின் கசூரினாக் கடற்கரையிலே மாலைப்பொழுதில் நின்று வடக்கே நோக்குவோமாயின், கண்ணுக்கெட்டிய தூரம் கடலன்றி வேறொன்றும் தோன்றாது. ஆயின், 20,000 ஆண்டுகளுக்கு முன் அவ்விடத்தில் நாம் நின்றிருப்பின் எதிரே கண்டிருப்பது நிலமே. அது பனியூழிக்காலம். பூமியின் வடபாகத்தில் மாபெரும் பனிப்பாளங்கள் படர்ந்திருந்தன. அப்பனியாக உறைந்தது கடல்நீரே ஆதலின், கடல்மட்டம் இன்றுள்ளதிலும் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையோ பெரும்பாலும் 15 மீற்றர் ஆழமும் இல்லாதது. ஆகவே நம் தீவுகளும் யாழ்ப்பாணமும் தமிழகமும் அன்று ஒரே நிலமாய்க் கிடந்தன.

அக்காலத்துக் காற்று எத்தகையது? அந்தாட்டிக்காப் பனியிற் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளே சான்று. எட்டு இலட்சம் ஆண்டுக்கால வரலாற்றை அவை கூறுவதாக 2008இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. கடைசிப் பனியூழியின் உச்சத்தில், பத்து இலட்சம் பங்கு காற்றிலே காபனீரொட்சைட்டு 190 பங்களவே இருந்தது. பின் வந்த வெப்பகாலத்தில் ஏறத்தாழ 280 ஆயிற்று.

குறைந்த வாயு எங்கே ஒளிந்திருந்தது? காடுகளில் அன்று, அவையும் குளிரிற் சுருங்கியிருந்தன. காற்றிலுள்ளதைப்போல் சுமார் ஐம்பது மடங்கு காபனைத் தாங்கும் கடலே அதனை விழுங்கியிருத்தல் வேண்டும்.

விழுங்கிய வகை யாது? குளிர்ந்த சோடாப் போத்தலில் வாயு அடங்கிக் கிடப்பதையும், வெயிலில் வைத்தது திறந்தவுடன் பொங்குவதையும் நாம் அறிவோம். குளிர்ந்த கடலும் அவ்வாறே மிகுதியான வாயுவைக் கரைத்துக்கொண்டது. ஆயினும் உப்பு மிகுந்தமையால் அப்பயனில் ஒரு பகுதி கெட்டது. எனவே வேறு காரணங்களும் வேண்டும். வறண்ட நிலங்களினின்று காற்று வாரிச்சென்ற தூசியில் இரும்பு இருந்தது. அதனை உரமாகக் கொண்டு தென்சமுத்திரத்தில் நுண்ணிய மிதவைத் தாவரங்கள் செழித்தன. மடிந்தபோது காபனுடன் ஆழத்தில் அமிழ்ந்தன. இக்கருத்தை 1990இல் விரித்துரைத்தவர் அமெரிக்க அறிஞர் ஜோன் மார்ட்டின். அன்றியும், ஆழநீர் மேலெழாதவாறு நீரடுக்குகளும் கடற்பனியும் தடுத்தன. பனியூழி முடிய, ஆழநீர் மேலெழுந்து, அடக்கிய வாயுவைக் காற்றுக்குத் திருப்பிக் கொடுத்தது.

அவ்வேற்றத்துக்குச் சென்றவை பல்லாயிரம் ஆண்டுகள். நாமோ முந்நூறு ஆண்டுகளுக்குள் 280ஐ 420க்கு மேல் உயர்த்திவிட்டோம். நாம் வெளியிடுவதில் ஏறத்தாழக் காற்பங்கைக் கடல் இன்றும் ஏற்றுக்கொள்கிறது. ஆயினும் வெப்பமேறிய நீர் வாயுவைத் தாங்கும் வன்மை குன்றும் என்பதைச் சோடாப் போத்தலே உணர்த்துகின்றதன்றோ? 1900ஆம் ஆண்டு முதல் உலகக் கடல்மட்டமும் சுமார் 20 சதமமீற்றர் உயர்ந்துள்ளது. சுண்ணக்கல்லின் நடுவே உப்புநீர்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீரையே நம் தீவுக் கிணறுகள் நம்பியிருக்கின்றன. நல்ல தண்ணீரின் அருமையைக் காரைநகர் மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.