காய்ச்சலை மறைத்துப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள்

கொரோனாவுக்காக மூடியிருந்த பள்ளிகளில் 2022 பிப்ரவரி 1-ஆம் தேதி தமிழ்நாடு முழுக்க 1 முதல் 12 வரை எல்லா வகுப்புகளும் திறந்தன. மழலையர் வகுப்புகளுக்கும் 16-ஆம் தேதி கதவு திறந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்குச் சீருடையோடு பிள்ளைகள் வந்தார்கள். தோளில் புத்தகப் பை, தாடைக்குக் கீழே ஈரமான முகக்கவசம். கூட வரும் அம்மாவோ ஆயாவோ சொல்லும் முதல் வாக்கியம் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. விழுப்புரம் மாவட்டத்தின் மேல்மலையனூர், வளத்தி, அவலூர்பேட்டை, செஞ்சி, எங்கிருந்து வந்தாலும் "இன்னிக்குக் காலையிலதான் டாக்டரம்மா ஜொரம்" என்பார்கள். பிள்ளையின் உதடு வெடித்திருக்கும், கண் உள்ளே போயிருக்கும். காலையில் தொடங்கிய காய்ச்சல் அப்படி ஆக்காது.

இன்னொரு முறை கேட்டால் திங்கட்கிழமை என்று வரும். மூன்றாவது முறை கேட்டால்தான் சனிக்கிழமையே மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து, உடம்பு குளிர்ந்ததும் பள்ளிக்கு அனுப்பிய கதை வரும். பள்ளி திறந்ததைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. என் பயமெல்லாம் இந்தச் சனிக்கிழமை மாத்திரையைப் பற்றித்தான்.

மறைப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2020-இல் கொரோனா தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்ததை யாரும் மறக்கவில்லை. பரிசோதனைக்குப் போனால் வண்டி வந்து குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போகும் என்ற அந்தப் பயம் 2022-இலும் தெருவில் இருந்தது. இத்தனை நாள் கழித்துத் திறந்த பள்ளி நம் பிள்ளையால் மூடியது என்ற பேர் வந்துவிடக் கூடாதே என்ற தவிப்பும் சேர்ந்துகொண்டது. புரிகிறது. ஆனால் மறைத்த காய்ச்சல்தான் வகுப்பையே படுக்க வைக்கிறது.

பேப்பர் கவரில் ஒரு 'செட்'

நம் பக்கத்தில் மருந்துக் கடைக்குப் போய் நோயைச் சொல்ல வேண்டியதில்லை. "ஜொரத்துக்கு ரெண்டு செட் குடுங்க, பத்து வயசுப் பையன்" என்றால் போதும். சின்ன பேப்பர் கவரில் எல்லாம் வந்துவிடும். அந்தக் கவரை வாங்கிப் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம். பாதியாக உடைத்த பாராசிட்டமால், சளிக்கு ஒரு செட்ரிசின், அஜித்ரோமைசின் ஒன்று, பிறகு பேர் தெரியாத ஒரு குட்டி வெள்ளை மாத்திரை. அந்தக் குட்டி மாத்திரைதான் பெரும்பாலும் டெக்சாமெத்தசோன் அல்லது பெட்னிசால். இரண்டும் ஸ்டீராய்டு.

"அது போட்டா உடனே கேக்குது டாக்டரம்மா" என்கிறார்கள். கேட்கத்தான் செய்யும். காய்ச்சல் இறங்கும், பிள்ளை எழுந்து உட்கார்ந்து சோறு கேட்கும். உள்ளே இருக்கும் நோய் மட்டும் போகாது, அடையாளம் தெரியாமல் பதுங்கிக்கொள்ளும். ஆக்சிஜன் தேவைப்படும் அளவுக்கு முற்றிய கொரோனா நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் உயிர் காக்கும் மருந்து. 2020-இல் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு அதைக் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்பதையும் அதே ஆய்வுதான் காட்டியது. முதல் பாதி மட்டும் கடை வரை வந்து சேர்ந்திருக்கிறது. குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு வேண்டுமென்றால் மருத்துவமனையில் சேர்த்து, கண்காணிப்பில்தான் கொடுக்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் வழிகாட்டுதல் 2021 ஜூனிலேயே சொல்லிவிட்டது. அஜித்ரோமைசின் பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது. 2021-இல் அளவுமீறிய ஸ்டீராய்டும் ஒரு காரணமாகக் கரும்பூஞ்சை வந்து பெரியவர்கள் கண்ணை இழந்ததைப் பார்த்த பிறகும் ஸ்டீராய்டை மிட்டாய் மாதிரி விற்க எப்படித்தான் மனம் வருகிறதோ.

பாராசிட்டமாலிலும் ஒரு குழப்பம் உண்டு. பிள்ளைகளுக்கான சிரப் 5 மில்லியில் 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு அளவில் வருகிறது. அண்ணனுக்கு வாங்கிய 250 பாட்டிலில் தம்பிக்கும் அதே மூடி ஊற்றினால் இரட்டை மருந்து போய்விடும். வயதைச் சொல்லி வாங்காதீர்கள். எடையைப் பார்த்து, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் ஆறு மணி நேரமாவது போகட்டும்.

'அம்மா வந்திருக்கா'

இது மேல்மலையனூர் அங்காளம்மன் மண். அம்மை என்றால் இங்கே வைத்தியம் பேசக் கூடாது. வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பு வாசனை இல்லாமல் சமைத்து, மூன்று தண்ணீர் ஊற்றும் வரை ஆஸ்பத்திரிப் பக்கம் தலை வைக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த நம்பிக்கையோடு சண்டை போட நான் வரவில்லை. ஆனால் கொரோனா வந்த பிறகு அந்த வழக்கம் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஏன் என்று சொல்கிறேன்.

பிள்ளைக்குக் கொரோனா வந்தது வீட்டில் யாருக்குமே தெரிந்திருக்காது. லேசான சளியோடு போயிருக்கும். இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து, எல்லாம் முடிந்தது என்று இருக்கும்போது, சில பிள்ளைகளுக்குத் திடீரென்று கடும் காய்ச்சல் வரும். உடம்பில் செந்தடிப்பு, கண் சிவப்பு, உதடு வெடிப்பு, வயிற்று வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு. இதற்கு எம்.ஐ.எஸ்.-சி என்று பெயர். தொற்றை எதிர்க்கப் புறப்பட்ட எதிர்ப்பு சக்தி அடங்காமல் உடம்பின் பல உறுப்புகளையும் ஒரே நேரத்தில் தாக்குவது. இதயத்தையும் விடாது. அபூர்வமாகத்தான் வரும். நேரத்தில் வந்தால் பெரும்பாலான பிள்ளைகள் குணமாகிப் போகிறார்கள்.

தடிப்பைப் பார்த்ததும் வீட்டில் என்ன சொல்வார்கள்? "அம்மா வந்திருக்கா." வேப்பிலைப் படுக்கை, கூழ், இளநீர். மூன்று நாள், நான்கு நாள். எங்களிடம் தூக்கி வரும்போது கை கால் ஜில்லிட்டு, நாடி கைக்கு அகப்படாமல் இருக்கும். 2022 ஜனவரியில் கொரோனாவின் ஒமைக்ரான் வகை வீடு வீடாகப் போய் வந்தது. கணக்குப் பாருங்கள், பள்ளி திறந்த பிப்ரவரி மாதம் அந்த ஆறு வாரத்துக்குள்தான் இருந்தது. சின்னம்மையில் நீர் கோத்த கொப்புளம் வரும். எம்.ஐ.எஸ்.-சியில் கொப்புளம் இருக்காது, சிவந்த தடிப்பும் திட்டும்தான். அந்த வித்தியாசத்தை வீட்டில் இருந்தபடி கண்டுபிடிக்க வேண்டாம், தூக்கி வந்து காட்டிவிடுங்கள். வேப்பிலையோடே வாங்க, நான் எதுவும் சொல்லமாட்டேன்.

காய்ச்சலில் வலிப்பு வந்த பிள்ளையையும் இப்படித்தான் சுற்ற விடுகிறார்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, எலுமிச்சை சுற்றிப் போடுவது, தாயத்துக்கு ஆள் தேடுவது. காத்து கருப்பு என்று வெளியூரிலிருந்தெல்லாம் மேல்மலையனூருக்கு ஜனம் வரும் பக்கத்தில் இது சகஜம். சாமி கும்பிடுங்கள், நெற்றியில் சாம்பல் இடுங்கள். ஆனால் முதலில் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். வாயில் தண்ணீரோ கரண்டியோ எதுவும் வைக்க வேண்டாம்.

வாட்ஸ்அப் வைத்தியசாலை

வாட்ஸ்அப்பில் சுற்றும் வைத்தியங்களில் ஆவி பிடிப்பதில் தொடங்குவோம். கொதிக்கிற பாத்திரத்தின் மேல் பிள்ளையைக் குனிய வைத்துப் போர்வையால் மூடுகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளை எத்தனை நேரம் ஆடாமல் இருக்கும்? தொடையும் வயிறும் வெந்து வருகிறது. கொரோனா பிள்ளையை அவ்வளவாக ஒன்றும் செய்திருக்காது, வெந்நீர் செய்துவிடும். ஆவி வைரஸைக் கொல்லாது. 2021 மே மாதம் பொது இடங்களில் வரிசையில் நிற்க வைத்து ஆவி காட்டினார்கள். சுகாதாரத்துறை அமைச்சரே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

கற்பூரம், ஓமம், கிராம்பு கட்டிய சிறு மூட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு, ஆக்சிஜன் ஏறும் என்கிறார்கள். ஏறாது. கற்பூரம் சின்னப் பிள்ளைகளுக்கு விஷம். கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரும். கைக்குழந்தையின் மூக்கில் கற்பூரத் தைலம் தடவுவதையும் விட்டுவிடுங்கள், மூச்சு அடைக்கும். மூக்கில் எலுமிச்சைச் சாறு விடுவது எந்தப் புண்ணியவான் கிளப்பியதோ, எரிச்சலும் புரையும்தான் மிச்சம்.

கபசுரக் குடிநீர் குடித்தால் தொற்று வராது என்று நினைத்து, அதைக் குடித்த தைரியத்தில் முகக்கவசத்தைக் கழற்றி வைத்தவர்கள் ஏராளம். விருப்பமிருந்தால் அரசு சித்த மருத்துவரைக் கேட்டு, அவர் சொன்ன அளவில் குடியுங்கள். பால் குடிக்கும் குழந்தைக்குப் பாலாடையில் புகட்டாதீர்கள்.

கொரோனாவின் மூன்றாம் அலை குழந்தைகளைத்தான் குறி வைக்கும் என்று 2021-இல் ஒரு பீதி. அதற்கு ஆதாரம் இல்லை என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அப்போதே சொன்னது. மூன்றாம் அலை வந்தும் விட்டது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் தொண்டை வலியுமாகப் போனது.

பள்ளி வாசலில் பிள்ளைகள் மேல் கிருமிநாசினி தெளிக்கும் ஆர்வம் 2022-இலும் சில இடங்களில் இருந்தது. 2020 ஏப்ரலிலேயே கிருமிநாசினிச் சுரங்கங்கள் வேண்டாமென்று நம் பொது சுகாதாரத்துறை சொல்லிவிட்டது. பிளீச்சிங் தண்ணீர் கழிப்பறைத் தரைக்கு, பிள்ளையின் கண்ணுக்கு அல்ல.

பள்ளிக்கூடமா ஆபத்து?

2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 2021 ஜனவரி 19-இல் 10, 12 வகுப்புகளுக்குத் திறந்து, பிறகு மறுபடி மூடி, செப்டம்பர் 1-இல் 9 முதல் 12 வரை திறந்தன. 1 முதல் 8 வரையான பிள்ளைகள் நவம்பர் 1 வரை காத்திருந்தார்கள். 2022 ஜனவரியில் மீண்டும் பூட்டு. ஒன்றாம் வகுப்பையே கண்ணால் பார்க்காமல் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள் இவர்கள்.

பெரிய வகுப்புகள் முதலில், சின்ன வகுப்புகள் கடைசியில் என்ற இந்த வரிசையே தலைகீழ் என்பது என் அபிப்பிராயம். சின்னப் பிள்ளைகள் இந்த வைரஸைப் பெரியவர்களைவிட நன்றாகச் சமாளிக்கிறார்கள், திறப்பதென்றால் தொடக்கப் பள்ளியை முதலில் திறக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அப்போதைய தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா 2021 ஜூலையில் சொன்னார். அந்தக் கழகம் ஜூன், ஜூலையில் எடுத்த ரத்தக் கணக்கெடுப்பில் 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேருக்கும், 10 முதல் 17 வரை 61.6 சதவீதம் பேருக்கும் எதிர்ப்பொருள் இருந்தது. பள்ளி பூட்டியிருந்த காலத்தில் இது! கல்யாணம், காதுகுத்து, சந்தை, அப்பா போய் வந்த வேலை என்று வைரஸ் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. 2021 அக்டோபரில் நம் மாவட்டத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. வாக்குச்சாவடிக்கெல்லாம் பள்ளிக்கூடம் திறந்தது, பாடத்துக்குத்தான் கடைசியில்.

மூடியிருந்ததன் விலையையும் நாங்கள்தான் எடை பார்த்தோம். மதிய உணவுக்குப் பதில் அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். ஆனால் அது வீட்டுப் பானையில் எல்லோருக்குமாகப் பொங்கியது. வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, குடற்புழு மாத்திரை, 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டி.டி. தடுப்பூசி எல்லாம் பள்ளியை நம்பி இருந்தவை. பெண் பிள்ளைகளின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் சோகையில் வெளுத்துக் கிடந்தது. செல்போனில் பாடம் படித்த பிள்ளைகளுக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. நம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27-இல் முதல்வர் தொடங்கிவைத்த இல்லம் தேடிக் கல்வித் திட்டம், எழுத்து மறந்த பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது. ஆனால் சோகைக்கு, சாப்பாடும் மாத்திரையும் கிடைக்கும் வகுப்பறைதான் வேண்டும்.

பள்ளி திறந்ததும் வந்த காய்ச்சலில் பெரும்பகுதி சாதாரணச் சளிக் காய்ச்சல். இரண்டு வருடம் பெரும்பாலும் ஒருவரையொருவர் தொடாமல் இருந்த பிள்ளைகள் சேர்ந்தால் வருவதுதான். கொரோனாவும் உண்டு, டெங்குவும் உண்டு. முகத்தைப் பார்த்து எது எதுவென்று சொல்ல எனக்கே தெரியாதபோது கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

பரிசோதனையும் தடுப்பூசியும்

மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் ரத்தம் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் சளி மாதிரியும் எடுப்போம். அரசு மருத்துவமனையில் காசில்லை.

15 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 2022 ஜனவரி 3-இலிருந்து கொரோனா தடுப்பூசியான கோவாக்சின் போட்டோம். 28 நாள் முடிந்தவர்கள் இரண்டாவது ஊசிக்கு வர வேண்டியிருந்தது. "நடிகர் விவேக் ஊசி போட்டுத்தானே..." என்று அப்போதும் கேட்டார்கள். அவர் இறந்ததற்குத் தடுப்பூசி காரணமில்லை என்று ஒன்றிய அரசின் நிபுணர் குழு ஆராய்ந்து சொல்லிவிட்டது. வயதுக்கு வந்த பெண்ணுக்குப் போட்டால் பிள்ளைப்பேறு இருக்காது என்பதும் கட்டுக்கதை. வீட்டில் ஊசி போடாத தாத்தா ஆயா இருந்தால் பிள்ளைக்கு முன்னால் அவர்களைக் கூட்டி வரச் சொன்னோம். பள்ளி மூலம் வரும் தொற்று உண்மையில் யாரை வீழ்த்தும் என்றால், அவர்களைத்தான்.

கெஞ்சிக் கேட்கிறேன்

காய்ச்சல் அடிக்கிற பிள்ளையை அனுப்பாதீர்கள். மாத்திரை போட்டுக் குறைத்து அனுப்பாதீர்கள். மருந்து இல்லாமல் ஒரு முழு நாள் உடம்பு குளிர்ந்து இருந்த பிறகு அனுப்புங்கள். கொரோனா என்று உறுதியானால் மருத்துவர் சொன்ன நாள் வரை வீட்டில் வைத்திருங்கள். பாட்டில் பாட்டிலாக மருந்து வேண்டாம். கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். போதும்.

மூச்சு வாங்கினால், நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தால், தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால், சிறுநீர் குறைந்தால், எழுப்பினாலும் சோர்ந்து சரிந்தால், வயிற்று வலியோடு விடாமல் வாந்தி எடுத்தால், கை கால் ஜில்லிட்டால் நாள் எண்ணாதீர்கள். செஞ்சிக்கோ, திருவண்ணாமலைக்கோ, முண்டியம்பாக்கத்துக்கோ, எது கிட்டவோ அந்த மருத்துவமனைக்குப் போங்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், 108 இருக்கிறது. டெங்குவில் காய்ச்சல் விட்ட நாள்தான் ஆபத்தான நாள், அன்றைக்கும் கண்ணை எடுக்காதீர்கள்.

மேல்மலையனூர் கோயிலின் அமாவாசை ஊஞ்சலுக்கே ஊர் தாங்காது. மாசியில் அமாவாசையோடு மயானக் கொள்ளையும் தேரும் வரும்.  வீட்டுக்கு வீடு விருந்தாளி இருப்பார்கள். பிள்ளைகளுக்கு முகக்கவசம் மாட்டி, முடிந்தால் கூட்டத்தின் ஓரமாக நிறுத்தி அம்மனைக் காட்டுங்கள். ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு மட்டும் மாட்ட வேண்டாம். திருவிழா முடிந்து யாருக்காவது இருமல் இருந்தால் மறுநாள் பள்ளிக்கு லீவு போடுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. வாசலில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானியை நம்பி நிம்மதியாக இருக்காதீர்கள், வெயிலில் அது சொல்வது எதுவும் சரியில்லை. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், மரத்தடி இருந்தால் வகுப்பை அங்கே கொண்டுபோங்கள். முகக்கவசத்தைப் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். முழு வருகைக்குப் பரிசு என்ற வழக்கத்தை நிறுத்திவையுங்கள். இரண்டு நாள் காய்ச்சல் லீவுக்கு டாக்டர் சர்டிபிகேட் கேட்டு அனுப்பாதீர்கள். அந்தச் சீட்டுக்காகவே காய்ச்சல் பிள்ளையை ஷேர் ஆட்டோவில் உட்கார வைத்துக் கூட்டி வருகிறார்கள்.